பக்கத்து சீட்டுக்காரர்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சௌக்கியமா? மாமாவின் முழங்கால் மடங்குகிறதா, இல்லை அவரைப் போலவே இன்னும் விறைப்பாகத்தான் நிற்கிறதா? இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு எடை கூடியிருக்கிறது. துக்கத்தில் இளைத்தவர்களைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். பருத்தவன் நம் குடும்பத்தில் நான்தான் முதல்.

போன் வேண்டாம், இனிமேல் கடிதம் எழுது என்று நீ உத்தரவு போட்டது நல்லதாய்ப் போயிற்று. கீச்சு போன பிறகு நாம் போனில் என்ன பேசினோம்? நீ மூக்கை உறிஞ்சுவாய், பதிலுக்கு நான் உறிஞ்சுவேன், அப்புறம் 'சரி வெச்சுடறேன்'. கடிதத்தில் அந்தச் சத்தம் கேட்காது.

உன்னிடம் ஒரு புகார். என்னைப் பார்க்கிற ஆட்கள் எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: "உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க?" மருந்துக்கடைக்காரர் கேட்கிறார். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு போனவர்கள் சிக்னலில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கிறார்கள். "பாவம், பெத்தவங்க." அப்போ நான் யாராம்? கூட வந்த டிரைவரா? மேல்மாடி வாத்தியாரம்மா அன்றைக்கு இவளைக் கட்டிப்பிடித்து அழுது தீர்த்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், கொஞ்சம் தோளைத் தளர்த்திக்கூட வைத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நீங்கதான் சார் தைரியமா இருந்து பாத்துக்கணும்" என்றார். அப்புறம் போன வாரம் கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டார்.

பொறாமையாக இருக்கிறது அக்கா. பெண்டாட்டிக்குத் துக்கம் ஒழுங்காக வருகிறதே, ஊரே வந்து விசாரிக்கிறதே என்று வயிறு எரிகிறவனை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? உன் கூடப் பிறந்தவன்தான்.

இன்னொரு செய்தி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள். அவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி ஊருக்கு வெளியே இரண்டாவது கடை திறக்கிறாராம். இவள்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பஸ் கிடையாதாம். நல்ல விஷயம்தானே, வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறானே என்கிறாயா? என்னிடம் இல்லை. அவள் கடைக்குப் பக்கத்தில் புதிதாய் முளைத்திருக்கிற டிரைவிங் ஸ்கூலில்.

"ஏன், நான் இல்லையா?" என்றேன்.

"உங்க போர்டுல என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள்.

'கணவரிடம் கற்றால் சண்டை. எங்களிடம் கற்றால் லைசென்ஸ்.' எழுதியது நான்தான். பெயின்டருக்கு அதிகக் கூலி கொடுத்துப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னதும் நான்தான்.

அந்தப் புது ஸ்கூல்காரர் குள்ளம். பக்கத்து சீட்டில் ஒரு தலையணை போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுப்பார். இந்த ஊருக்கே புதுசு, அதனால் எங்களுக்குள் வணக்கத்தோடு சரி. பழைய ஆட்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தலையணை. தலைமுடி மட்டும் முழுசாக இருக்கிறது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் மொட்டைத் தம்பி


ஜனவரி 30

அன்புள்ள மொட்டைக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் நலம். மாமாவின் முழங்கால் தேவலை. இப்போது தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் அவருக்குப் பொழுது போகாது.

அவள் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும். உன்னிடம் கற்றுக்கொள்ளாததுதான் புத்தி. எனக்கு நீ சைக்கிள் சொல்லிக்கொடுத்த லட்சணம் என் முழங்கையில் இன்னும் இருக்கிறது.

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அதில் கீச்சு ஒரே ஒரு தடவை வருகிறாள். அதுவும் 'கீச்சு போன பிறகு'. கடைக்குப் போன மாதிரி. பதினோரு வயசுப் பெண், திங்கட்கிழமை ஜுரம், வெள்ளிக்கிழமை செத்துப்போனாள். நானும் இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

என் விடுதியில் ஒரு பெண் அழுதால் மாடி மொத்தமும் சேர்ந்து அழும். அதில் யார் நிஜமாக அழுகிறாள் என்று கண்டுபிடிப்பதுதான் வார்டன் வேலை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நீ அழுகிறாயா, இல்லையா? அதை எழுது. அந்த ஆளின் தலைமுடி எனக்கு வேண்டாம்.

சாப்பாட்டைக் குறை. அவளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் தோள் எப்படி? நாங்கள் நலம். நீ கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இதைக் கேள்.

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு பேக்கரிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர். கியரை மாவு பிசைகிற மாதிரி பிசைவார். சிக்னலில் நிற்கும்போது குறுக்கே ஒரு வெள்ளைக் கார், கூரையில் தலையணையின் போர்டு. ஓட்டுவது யார் என்று பார்த்தால் என் வீட்டுக்காரி.

சிரித்துக்கொண்டிருந்தாள் அக்கா. பல் தெரிய. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, ஏதோ உயரம் காட்டி, தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் தலையணைமேல் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"லெஃப்ட் எடுங்க," என்றேன்.

"நேராத்தான சார் போகணும்?"

"அந்த வெள்ளைக் கார் எங்க போகுதோ அங்க போகணும்."

"ஏன் சார்?"

"பின்தொடர்ந்து ஓட்டற பயிற்சி. இந்த வருஷம் புதுசா சேத்திருக்காங்க."

"நான் இன்னும் மூணாவது கியரே போட்டதில்ல சார்."

"இன்னைக்குப் போடப் போறீங்க."

பாவம், போட்டார். நாலாவதும் போட்டார். "சார், உங்களுக்கு அவங்க காசு ஏதாவது தரணுமா?" என்று ஒரு தடவை கேட்டார். "ரோட்டைப் பாருங்க" என்றேன். தபால் ஆபீஸ் திருப்பத்தில் வெள்ளைக் காரைத் தவறவிட்டோம். பேக்கரிக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. இறங்கும்போது, இவ்வளவு நல்ல கிளாஸ் இதுவரை நடந்ததே இல்லை என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பை நான் ஜூலைக்குப் பிறகு பார்த்ததில்லை. வீட்டில் அவள் என்னிடம் பேசுகிற விஷயங்களைச் சொல்லட்டுமா? பால் வாங்கணும். சாவி எங்க. பாத்ரூம் பல்பு போயிடுச்சு. அவ்வளவுதான். மற்ற நேரம் நாங்கள் இருவரும் ஒருவர் தூக்கத்தை ஒருவர் கெடுக்கக் கூடாது என்கிற மாதிரி நடந்துகொள்கிறோம்.

"கிளாஸ் எப்படிப் போச்சு?" என்றேன் அன்று மாலை.

"போச்சு."

"மாஸ்டர் எப்படி?"

"நல்லவர்."

நல்லவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அவள் யாரிடமும் அந்த வார்த்தையால் சொல்லி நான் கேட்டதில்லை. விசாரித்துவிட்டேன், பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறதாம் அந்த ஆளுக்கு. முடியும் சாயம் இல்லையாம்.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நாங்கள் நலம், தோளும் நலம். இப்போது பல்லுக்கு வந்திருக்கிறார்.

பின்தொடர்ந்து ஓட்டற பயிற்சியைப் படித்து மாமா சிரித்த சிரிப்பில் விடுதிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த வயசில் உனக்குப் பெண்டாட்டிமேல் சந்தேகம் வருகிறது என்றால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அவளுக்கும் எழுதியிருந்தேன். 'நலம் அண்ணி. நீங்கள் நலமா?' என்று பதில் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.

எனக்குத் தெரிந்து அவள் ஆளைப் பார்த்துச் சிரிக்கிறவள் இல்லை. ஏதோ விஷயத்துக்குச் சிரித்திருக்கிறாள். என்ன விஷயம் என்று நேராகக் கேள். பேக்கரிக்காரரை அனுப்பாதே.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் பல் எப்படி? எடுத்தாயிற்றா? நாங்கள் நலம். நான் நலமா என்று தெரியவில்லை.

நேராகக் கேட்கச் சொன்னாய். நான் என்றைக்கு நேராகப் போயிருக்கிறேன்? அவளிடம் கேட்காமல் அவரிடம் கேட்டேன்.

போன வாரம் அவளுக்கு டெஸ்ட். தோற்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து "போயிடுச்சு" என்றாள், பல்பு போன மாதிரி. மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் எங்கள் மாணவர்களை உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் எல்லாம் வேலியோரம் டீ குடித்துக்கொண்டு நின்றோம். நான் மெதுவாகத் தலையணையின் பக்கம் நகர்ந்தேன். அவள் என் மனைவி என்று அவருக்குத் தெரியாது.

"உங்ககிட்ட கண்ணாடிக் கடை அம்மா ஒருத்தங்க வராங்களாமே?" என்றேன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா சார். அருமையா ஓட்டறாங்க. நேத்து டெஸ்ட்ல என்ன ஆச்சோ, ஸ்டாப் போர்டுல நிக்காம போயிட்டாங்க. எனக்கே நம்ப முடியல."

"பயந்திருப்பாங்க."

"அந்தம்மாவா? வண்டியில ஏறினா இறங்கற வரைக்கும் பேச்சுதான். எல்லாம் பொண்ணைப் பத்தி."

"எந்தப் பொண்ணு?"

"அவங்க பொண்ணு சார். பன்னெண்டு வயசு. கீச்சுன்னு கூப்பிடறாங்க. சரியான வாலு போல. இப்பதான் கண்ணாடி போட்டிருக்காங்க அதுக்கு. போர்டு தெரியலைன்னு டீச்சர் சொல்லி அனுப்பினாங்களாம். அம்மா கடையிலயே கண்ணாடி, ஆனா பொண்ணு எதையும் பிடிக்கலைன்னு ட்ரே ட்ரேயா இறக்க வெச்சிருக்கு. கேட்டு வயிறு வலிச்சுப் போச்சு எனக்கு."

டீ முழுவதும் என் சட்டையில். "சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

யோசித்துப் பார் அக்கா. அந்த வெள்ளைக் காரில் கீச்சுவுக்குப் பன்னிரண்டு வயசு. பிப்ரவரியில் பிறந்தநாள் வந்து போயிருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னிடம் இருக்கிறவள் இன்னும் பதினொன்றிலேயே இருக்கிறாள், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், உதடு வெடித்து, தண்ணீர் கேட்டுக்கொண்டு. அதற்கு மேல் எனக்கு அவளை நகர்த்தத் தெரியவில்லை.

அந்த ஆளோடு சேர்ந்து சிரிக்கிறாள் என்று முன்பு எரிந்தேனே, அதெல்லாம் சில்லறைப் பொறாமை. இப்போது வந்திருப்பதுதான் அசல். அவளிடம் ஒரு மகள் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போய் ஊரானிடம் காட்டுகிறாள். என்னிடம் காட்டவில்லை.

நான் என்ன செய்யட்டும், உடனே எழுது.

தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? உனக்கா? இல்லை என்மேல் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது ஒரு வரி எழுது.

இங்கே நாங்கள் நலம். நான் தினமும் தலையணையோடு டீ குடிக்கிறேன். என் செலவு. டீக்கடைக்காரர், போட்டிக்காரர்கள் ராசியாகிவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கீச்சு முடியைத் தோள்வரைக்கும் வெட்டிக்கொண்டுவிட்டாள். சிநேகிதியோடு சண்டை. அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறாளாம். நாய் வேண்டும் என்று ஒரே அடம். அப்பா கூடாது என்று சொல்லிவிட்டாராம். நான் எப்போது சொன்னேன்? என்னைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கெட்டவனாக்கி வைத்திருக்கிறாள், அதையும் ஊரான் வாயால் நான் கேட்க வேண்டியிருக்கிறது.

"அப்புறம்?" என்பேன்.

"அப்புறம் என்ன சார், கிளாஸ் முடிஞ்சுடுச்சு" என்பார்.

அடுத்த கிளாஸ் வரைக்கும் நான் காத்திருக்க வேண்டும். இவள் வீட்டில் என் எதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அந்த வாய்க்குள் இருக்கிறது எல்லாம். எனக்கு வருவது பால், சாவி, பல்பு.

இன்னொன்றும் செய்துவிட்டேன், திட்டாதே. இவளுக்கு மறுபடியும் டெஸ்டுக்குப் பணம் கட்டப் போவதாக அவர் சொன்னார். "இந்த மாசம் வந்திருக்கிற ஆபீசர் ரொம்பக் கறார். ஜூனுக்குத் தள்ளிப் போடுங்க" என்று அவிழ்த்துவிட்டேன். அப்படி யாரும் வரவில்லை. பாஸாகிவிட்டால் கிளாஸ் நின்றுவிடும். கிளாஸ் நின்றால் கீச்சு எங்கே போவாள்?

எழுது அக்கா.

தம்பி


மே 20

தம்பிக்கு,

ஆசிகள். மாமாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. எழுதினேன், கிழித்தேன், அதுதான் தாமதம்.

முதலில் கோபம் வந்தது. அவள்மேல். செத்த குழந்தையை வைத்துக்கொண்டு யாரோ ஒரு ஆளிடம் கதையளப்பதா என்று. டாக்டரிடம் கூட்டிப் போ என்று உனக்கு எழுதி, கவரையும் ஒட்டினேன். தபாலில் போடத்தான் கடைத்தெருவுக்குப் போனேன். வழியில் குழந்தைகள் துணிக்கடை. ஏன் உள்ளே போனேன் என்று கேட்காதே.

"எத்தனை வயசுங்க?" என்றாள் கடைப் பெண்.

"பன்னெண்டு. தம்பி பொண்ணு."

"உயரமா?"

"உயரம்தான். எங்க பக்கம் ஜாடை இல்ல, அம்மா பக்கம்."

"குண்டா?"

"குச்சி."

எடுத்து எடுத்துப் போட்டாள். பூப்போட்டதைப் பார்த்து, "இதெல்லாம் போட மாட்டா, பாட்டி சட்டைன்னு சொல்லுவா" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். "அவளையே கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசல் தாண்டும்வரை என் கால் தரையில் படவில்லை தம்பி. பஸ் ஸ்டாப்புக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பட்டது. அங்கேயே கவரைக் கிழித்தேன்.

அவளை ஒன்றும் சொல்ல மாட்டேன் இனி.

உன்னைச் சொல்வேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எதிர்வீட்டுக் குடத்தில் வாங்கிக் குடித்துக்கொண்டு, தாகம் தீரவில்லை என்கிறாய். இதில் உனக்குப் பொறாமை வேறு. உனக்காவது இரண்டாம் கையாகக் கிடைக்கிறது. எனக்கு மூன்றாம் கை, அதுவும் தபாலில்.

சிநேகிதியோடு ராசியாகிவிட்டாளா? அதை எழுது.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலம்தானே. அவளும் நலம். சிநேகிதியோடு ராசியாகிவிட்டாள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் இரண்டாவது டெஸ்ட். பின்னால் எடுக்கும்போது கண்ணாடியையே பார்க்காமல் கம்பத்தில் இடித்துவிட்டாளாம். அன்றாடம் எத்தனை பேர் தோற்பதைப் பார்க்கிறவன் நான். பயந்து தோற்கிறவர்கள் கம்பத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். இது தோற்க வேண்டும் என்று தோற்றது. நான் தேதியைத் தள்ளிப் போட்டால் அவள் தேர்வையே தள்ளிவிடுகிறாள். ஜோடிப் பொருத்தம்.

ஆனால் இனி தள்ள முடியாது. ஜூலையில் புதுக்கடை திறக்கிறார்கள். தலையணையும், "இதுக்கு மேல அந்தம்மாகிட்ட காசு வாங்கினா பாவம் சார், சொல்லிக்குடுக்க எதுவும் இல்ல. அடுத்த டெஸ்டோட முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"வண்டியை ஓரமா நிறுத்திட்டாங்க. அப்புறம் பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னாங்க."

"என்ன கஷ்டம்?"

"அவ அப்பாவோட பேசறதில்லையாம் சார்."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"ஏனாம்?"

"அந்த ஆளு வீட்ல பொண்ணு பேச்சையே எடுக்கறதில்லையாம். அப்படி ஒருத்தி இருக்கறதே தெரியாத மாதிரி நடந்துக்கறாராம். அவ பேரைக்கூடச் சொல்றதில்லையாம். சிரிக்கச் சிரிக்கப் பேசற ஆளாம், ஊரெல்லாம் ஜோக்காம், வீட்டுக்கு வந்தா இது ஒண்ணு மட்டும் கிடையாதாம். குழந்தை மனசு என்ன பாடுபடும்? எனக்குக் குழந்தையே இல்ல சார், எனக்கே பதறுது. அந்த மனுஷன் கையில கிடைச்சா நாலு கேள்வி கேப்பேன்."

"கேக்கணும்தான்," என்றேன்.

"கல்நெஞ்சுக்காரன் சார்."

"ஆமா."

அவர் எனக்கு இன்னொரு டீ சொன்னார். அன்றைக்கு அவர் காசு.

வீட்டுக்கு வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பால் இருக்கா?" என்று வந்தது.

தம்பி


ஜூன் 22

தம்பி,

உடம்பு நலம். மாமா நலம். நான் சமையலறையில் நின்று அழுதுவிட்டு வந்து எழுதுகிறேன்.

என்னிடம் எழுதினது போதும். இதையெல்லாம் அவளிடம் பேசுகிறவரை எனக்குக் கடிதம் போடாதே. போட்டால் பிரிக்க மாட்டேன். பிரிக்காமல் இருக்க என்னால் முடியாது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் போடாதே.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

பிரிக்கலாம்.

மாமாவின் உடம்பில் இப்போது எந்தப் பாகம்? இங்கே எல்லோரும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, "டெஸ்டுக்கு முன்னாடி நம்ம வண்டியில ஒரு தடவை ஓட்டிப் பாரேன். நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன். வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

"உங்களால முடியாது," என்றாள். ஆனாலும் சாவியை எடுத்தாள்.

வீட்டுக் காரில், ஸ்கூல் வண்டியில் இருக்கிற மாதிரி என் பக்கம் பிரேக் கிடையாது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து காலடியில் பிரேக் இல்லாமல் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. வெறும் தரையை மிதித்துக்கொண்டே போனேன். அக்கா, அவள் அற்புதமாக ஓட்டுகிறாள். அதற்கும் கொஞ்சம் எரிந்தது, அந்த ஆள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

பாலம் ஏறும்போது சொன்னேன்: "கீச்சு இன்னும் நாய் கேக்கறாளா?"

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. கியரைச் சரி செய்தாள். பாலம் இறங்கி, டயர் கடைகள் எல்லாம் தாண்டிய பிறகு கேட்டாள்.

"யாரு சொன்னது?"

"உன் மாஸ்டர்."

"அவர்கிட்ட நீங்க சொல்லிட்டீங்களா?" குரல் அப்படியே இறங்கிவிட்டது. "அவ இல்லைன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லல."

அவளுக்கு மூச்சு வந்தது. "எப்பலேர்ந்து தெரியும்?"

"ஏப்ரல்."

"இத்தனை நாளா கேட்டுட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"சும்மா இல்ல. டீ வாங்கிக் குடுத்தேன்."

மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. எனக்கு அதற்குள் தைரியம் வந்துவிட்டது.

"நாய் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீங்க சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா?"

"வாங்கிக் குடுத்திருப்பேன்."

"யாரு குளிப்பாட்டறது?"

"நான்தான்."

"உங்க காரையே பேக்கரிக்காரர் கழுவறாரு."

இப்படியே ரயில்வே கேட் வரைக்கும் நாயைப் பற்றிச் சண்டை போட்டோம். கேட் மூடியிருந்தது. "அவர்கிட்ட சொல்லாதது ஏதாவது எனக்குச் சொல்லு," என்றேன். "ஒண்ணாவது எனக்குன்னு சொல்லு."

யோசித்தாள்.

"ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போறாங்களாம்," என்றாள். "கடலுக்கு. ஒரு வாரம். போயே ஆகணும்னு நிக்கறா. நான் வேணாம்னுட்டேன்."

"ஏன்? போகட்டுமே. எல்லாப் பசங்களும் போறாங்க இல்ல?"

"ஒரு வாரம் வெளிய தங்கணும். ஜுரம் வந்தா யார் பாப்பாங்க?"

"வராது."

"எப்படிச் சொல்றீங்க? எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"இனிமே அவளுக்கு ஜுரம் வராது," என்றேன்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. அவள் சிக்னல் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், எல்லாம் முறைப்படி செய்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள். நீ கேட்டாயே, அழுகிறாயா இல்லையா என்று. அழுதேன். முதலில் நான்தான். பின்னால் அவள். நடைபாதையில் போன ஒருவர் குனிந்து எங்கள் காரைப் பார்த்து, அவளிடம், "என்னம்மா, சாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். என்னைப் பற்றி, அக்கா. முதல் தடவையாக.

வெகுநேரம் கழித்து, "அப்ப டூர்?" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். அம்மாக்காரி புத்தி எங்கே போகும்.

வீட்டுக்குத் திரும்புகையில், "இந்தத் தடவை பாஸ் பண்ணிடட்டுமா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"பண்ணிடு. வண்டி நம்மளுது."

நேற்று டெஸ்ட். நானும் போனேன். ஒரு தப்பு இல்லை. வெளியே வந்து, தலையணையிடம் என்னைக் காட்டி, "இவர்தான் சார் கீச்சுவோட அப்பா" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன். இத்தனை மாதம் என் டீயைக் குடித்து என்னையே என்னிடம் திட்டியிருக்கிறார், பாவம், அந்த முகத்தில் என்னென்னவோ ஓடியது. நாலு கேள்வி கேட்பார் என்று நின்றேன். ஒன்றுதான் கேட்டார்.

"பாப்பா இப்ப உங்ககிட்ட பேசறாளா சார்?"

"பேசறா," என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார், பாக்கணும்" என்றார். அவளும் நானும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினோம்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்தான். என்றாவது சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வரும்போது அதைத்தான் பேசினோம், யார் சொல்வது என்று முடிவாகவில்லை. இந்த ஊரில் என் மகள் யாருக்கு இன்னும் சாகவில்லையோ, அந்த ஒரே ஆள் அவர்தான். காலையில் எழுந்து, தலையணையை எடுத்துப் போட்டு, அவள் எங்கேயோ பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறார். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது அக்கா.

மாமாவுக்கு என் வணக்கம். அவள் தனியாக உனக்கு எழுதுகிறாளாம். நீளமாக எழுதுவாள், பொறுமையாகப் படி.

உன் தம்பி